மைனிக்கு நான் என்ன செய்யட்டும்?

கேள்வி: எங்க அண்ணன் மகனுக்கு நாலு வயசு. பேச்சு வரவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், ஓடுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டு நிற்பான். போன மாதம் டாக்டர் ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்குத் திருப்பூரில் வேலை, மைனி வீட்டில் பீடி சுற்றுகிறாள். "பிள்ளையைத் தூக்காம பீடித்தட்டையே மடியில வச்சிருந்தா, அழுதா செல்லைக் கையில குடுத்தா, அதான் இப்படி ஆயிட்டு" என்று எங்க அம்மை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள். மைனி இப்போது யாரோடும் பேசுவதில்லை. நான் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறேன். என்ன உதவி வேண்டும் என்று எத்தனை தடவை கேட்டாலும் "ஒண்ணும் வேண்டாம்" என்கிறாள். நான் என்ன செய்யட்டும்?
- ஒரு அத்தை, முக்கூடல்

பதில்: முதலில் அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள், தங்கச்சி. என்ன உதவி வேண்டும் என்று கேட்டால், ராத்திரி தூங்காமல் கிடந்தவள் உங்களுக்கு ஒரு வேலையையும் யோசித்துச் சொல்ல வேண்டும், அதை வாய்விட்டுக் கேட்கவும் வேண்டும், நாளைக்கு யாராவது சொல்லிக்காட்டுவார்களோ என்று பயப்படவும் வேண்டும். ஒண்ணும் வேண்டாம் என்று சொல்லிவிடுவது அவளுக்கு லேசு. என் மகனும் இந்த மாதிரிப் பிள்ளைதான், இப்போது இருபத்து நாலு வயசு. அவனை வளர்த்த காலத்தில் நானும் அதையேதான் எல்லோரிடமும் சொன்னேன். என் வீட்டுக்கு வந்து "நீ போய்ப் படு, நான் இவனைப் பார்த்துக்கிடுதேன்" என்று பாயை விரித்துப் போட்டவள் ஒருத்திதான், அவளை இன்றைக்கும் மறக்கவில்லை.

அதனால் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் சாயங்காலம் நாலு மணிக்கு வருவேன், ஆறு மணி வரை இவன் என்னோடு என்று சொல்லிவிட்டுப் போய் நில்லுங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் மைனியும் கூடவே இருக்கட்டும். அவன் எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறான், எந்தக் கிண்ணத்தில் போட்டால் சாப்பிடுகிறான், அழ ஆரம்பித்தால் எதைக் கொடுத்தால் அடங்குகிறான் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும், அவளிடம் கேட்டுப் படியுங்கள். அப்புறம் அவளை அனுப்பிவிடுங்கள். அவள் தூங்கட்டும், தலைக்குக் குளிக்கட்டும், சும்மாகூட உட்கார்ந்திருக்கட்டும், போய் என்ன செய்தாய் என்று கேட்காதீர்கள். இன்னொன்றும் சொல்கிறேன். பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதானே கூலி, பிள்ளையைத் தெரபிக்குக் கூட்டிப்போகும் நாளில் அந்தக் கூலி அப்படியே போய்விடும், தெரபி பாதியில் நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம். உங்களுக்கும் பீடி சுற்றத் தெரியும் என்றால் அன்றைக்கு ஒரு ஐநூறு பீடி அவள் கணக்கில் நீங்கள் சுற்றிக் கொடுங்கள். ஆறுதல் சொல்வதைவிட அது பெரிசு.

அடுத்தது உங்க அம்மை. செல்போனால் ஆட்டிசம் வருவதில்லை, தாய் தூக்காததாலும் வருவதில்லை. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு அது, பெரும்பாலும் பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது, மரபணுக்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. தாயைக் குறை சொல்வது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைக்காதீர்கள். 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் ஆட்டிசத்தை விவரித்து எழுதினார், அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் தாயிடம் பாசம் குறைந்ததால்தான் இப்படி என்று படித்த டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், அவருக்கே ஆட்டிசம் உள்ள மகன் உண்டு, 1964-இல் அது தப்பு என்று ஆதாரத்தோடு எழுதின பிறகுதான் அந்தப் பேச்சு மெல்ல மெல்ல ஒழிந்தது. டாக்டர்களே விட்டுவிட்ட பேச்சை உங்க அம்மை இன்னும் பேச வேண்டாம். இதைச் சொல்ல வேண்டியது மைனி இல்லை, மகள் நீங்கள்தான், அதுவும் நாலு பேர் இருக்கும்போதே சொல்லுங்கள். செல்லைக் குறைப்பது நல்லதுதான், அந்த நேரத்தில் பிள்ளையோடு பேசலாம், விளையாடலாம். ஆனால் அதையும் குற்றமாகச் சொல்லாமல், நீங்கள் வரும் அந்த இரண்டு மணி நேரத்தில் செல்லை எடுக்காமல் நீங்களே செய்து காட்டுங்கள்.

காதைப் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள். பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியது அது, பெரா டெஸ்ட் என்பார்கள். இதுவரை பார்க்கவில்லை என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். இந்த மாதிரிப் பிள்ளைகளைச் சீக்கிரமே கண்டுபிடித்துப் பயிற்சி கொடுப்பதற்கென்று மாவட்டத்துக்கு ஒரு அரசு மையம் உண்டு, டிஇஐசி எங்கே என்று கேட்டால் வழி காட்டுவார்கள். "அவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்" என்று யாராவது சொன்னால் அதைக் கேட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். என் மகனை மூன்று வயதில் ஒரு டாக்டரிடம் காட்டினோம், ஐந்து வயதுவரை பார்ப்போம் என்றார், நாங்களும் நம்பி இருந்துவிட்டோம். அந்த இரண்டு வருஷம் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

பயிற்சியில், வேண்டியதைப் படம் காட்டிக் கேட்கப் பழக்குவார்கள், தண்ணீர் வேண்டும் என்றால் சொம்புப் படத்தை எடுத்துத் தருவது மாதிரி. அப்படிப் பழக்கினால் பேச்சே வராமல் போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள், அது சரியில்லை, சில பிள்ளைகளுக்குப் பேச்சு வர அதுவே ஒத்தாசையாக இருக்கிறது. வீட்டில் நம்ம தமிழிலேயே பேசுங்கள். பேச்சுப் பயிற்சிக்காக இங்கிலீஷுக்கு மாறச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அம்மையும் ஆச்சியும் வாய்க்கு வராத பாஷையில் பேசி ஒரு பிள்ளை எப்படிப் பழகும்?

அப்புறம் காகித வேலை, இதையும் நீங்களே எடுத்துச் செய்யுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், நாடு முழுக்கச் செல்லும் யுடிஐடி என்ற அடையாளக் கார்டும் வாங்க வேண்டும், குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் கிடைத்தால்தான் பெரும்பாலான உதவிகள் வரும். நிரமயா என்று மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு ஒன்று உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வருஷம் 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் அதில் அடங்கும். கேள்விப்படாத குடும்பங்கள்தான் அதிகம்.

கேள்வி: எங்கள் ஊரில் அம்மன் கொடை வருகிறது. மகனுக்கு ஏழு வயசு, ஆட்டிசம். போன வருஷம் வெடிச் சத்தத்தில் பயந்து கூட்டத்தில் ஓடிவிட்டான், அரை மணி நேரம் தேடினோம். இந்த வருஷம் வீட்டிலேயே பூட்டி வைத்துவிடலாமா?
- ஒரு தகப்பனார், சேரன்மகாதேவி பக்கம்

பதில்: பூட்ட வேண்டாம், தம்பி. அவனுக்கும் அது ஊர்க் கொடைதானே. மைக் செட் கட்டுவதற்கு முன்னால், காலையில் கோயில் காலியாக இருக்கும்போது ஒரு தடவை கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுங்கள். மத்தியானக் கொடைக்கு மேளத்துக்கும் ஸ்பீக்கருக்கும் தள்ளி ஓர் ஓரத்தில் நின்றுவிட்டு, அவன் முகம் மாறியதுமே கிளம்பிவிடுங்கள், சாமக்கொடை வேண்டாம். சத்தமான இடத்தில் வேலை செய்கிறவர்கள் போடும், காதை மூடுகிற ஹெட்போன் வாங்கலாம், ஆனால் கொடைக்கு ஒரு மாதம் முன்னாலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பழக்குங்கள், அன்றைக்குப் புதிதாக மாட்டினால் கழற்றி எறிவான். வெடி போடுகிறவரிடம் போய், எப்போது போடப்போகிறீர்கள், முன்னால் ஒரு குரல் கொடுங்கள் என்று கேளுங்கள். ஊர்க்காரர்தானே, கேட்டால் செய்வார்.

ஓடிப் போனான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயம். இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் என்றால் உயிர், ஆபத்தும் தெரியாது. உங்கள் பக்கம் ஆறு, வாய்க்கால், குளம், கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு எல்லாமே உண்டு. அதனால் அவன் காணாமல் போனால் கூட்டத்துக்குள் தேடுவதற்கு முன்னால் தண்ணீர்ப் பக்கம் ஓடுங்கள், ஒரு நிமிஷமும் யோசிக்காதீர்கள். சட்டையின் உள்பக்கம் உங்கள் நம்பரை அழியாத மையில் எழுதி விடுங்கள். நீச்சலும் பழக்குங்கள், நம்ம ஊரில் அதற்கா பஞ்சம்?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயசு, மூளை முடக்குவாதம். சக்கர நாற்காலிதான். புத்தி நன்றாக இருக்கிறது, தம்பியின் பாடத்தைக் கேட்டே மனப்பாடம் செய்துவிடுகிறாள். பக்கத்துப் பள்ளியில் "எங்களால் முடியாது, சிறப்புப் பள்ளிக்குப் போங்கள்" என்கிறார்கள்.
- ஒருவர், களக்காடு

பதில்: அப்படித் திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை இல்லை, ஐயா. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உண்டு, பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுப்பது உங்கள் விருப்பம். முதலில் உங்கள் வட்டார வள மையத்துக்குப் போங்கள். அங்கே சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், பிசியோதெரபியும் ஏற்பாடு செய்வார்கள், பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்தும் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் உங்கள் மகளுக்கு அது வேண்டாம், அவள் மற்றப் பிள்ளைகளோடு உட்கார வேண்டியவள். அந்த ஆசிரியரையே பள்ளிக்குக் கூட்டிப்போய்த் தலைமையாசிரியரிடம் பேசச் சொல்லுங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். சாய்வுப்பாதை, கழிப்பறை, பரீட்சையில் சொல்வதை எழுத ஆள், கூடுதல் நேரம், இதெல்லாம் அவளுக்குச் சேர வேண்டியவை.

கண் தெரியாத பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே பாளையங்கோட்டையில் பள்ளி வந்துவிட்டது. 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கடற்படைத் தேர்வில் விழுந்து அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனவர், சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே எத்தனையோ பிள்ளைகளைப் படிக்க வைத்தார். இப்படிப்பட்ட சீமையில் ஒரு பள்ளி "எங்களால் முடியாது" என்று சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கேள்வி: அறிவுசார் குறைபாடு உள்ள என் மகனுக்கு 17 முடியப்போகிறது. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை வருகிறது. வேறு என்ன செய்து வைக்க வேண்டும்?
- ஓர் அம்மா, வள்ளியூர்

பதில்: 18 முடிந்ததும் சட்டத்தின் கண்ணில் அவன் பெரியவன். பெற்றவள் என்பதற்காக மட்டும் அவனுக்காக நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையில் உள்ளூர்க் குழு இருக்கிறது, அதில் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்றிதழ் வாங்குங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். அவன் அப்பா அரசு வேலையில் இருந்தவர் என்றால், மகன் பெயரை இப்போதே குடும்ப ஓய்வூதியப் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு அது ஆயுள் முழுக்க வரும்.

கேள்வி: நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். தம்பிக்கு ஆட்டிசம். உம்மாவுக்கு அவனைப் பார்க்கவே நேரம் சரியாகிவிடுகிறது. நான் மார்க் வாங்கினால்கூட "ம்" என்பதோடு சரி. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "பின்னாடி நீதானே பாக்கணும்" என்கிறார்கள். சில நேரம் அவன் மேல் வெறுப்பாக வருகிறது, அப்புறம் அழுகையாக வருகிறது. நான் கெட்ட பிள்ளையா?
- மேலப்பாளையத்திலிருந்து

பதில்: இல்லை மகளே, இல்லவே இல்லை. அவன் மேல் உனக்குப் பாசமும் இருக்கிறது, சில நேரம் கோபமும் வருகிறது, உன் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் இருக்கும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் மகளுக்குப் போன் போட்டேன். அவளும் அக்காதான். "பத்தாவது பரீட்சை முடிஞ்சு வந்தன்னைக்கு எப்படி எழுதினேன்னு நீ கேக்கவே இல்லம்மா" என்றாள். எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. பன்னிரண்டு வருஷமாக அவள் அதை மனசில் வைத்திருக்கிறாள், நான் கேட்டபிறகுதான் சொல்கிறாள்.

"பின்னாடி நீதானே பாக்கணும்" என்று பதினாறு வயசுப் பெண்ணிடம் சொல்கிறவர்கள் தப்புச் செய்கிறார்கள். தம்பியின் எதிர்காலத்துக்கு ஏற்பாடு செய்வது உன் வாப்பா, உம்மா வேலை, அதற்குச் சட்டமும் அலுவலகமும் இருக்கிறது, மேலே வள்ளியூர் அம்மாவுக்கு எழுதியிருப்பதை அவர்கள் படிக்கட்டும். நீ படி, எந்த ஊரில் சீட் கிடைத்தாலும் போ. பெரியவளான பிறகு அவனுக்கு எவ்வளவு செய்வது என்று நீயே முடிவு செய்துகொள்ளலாம், இன்றைக்கு யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

உம்மாவிடம் ஒன்று கேள். வாரத்தில் ஒரு அரை மணி நேரம், தம்பியை வாப்பாவோ கண்ணும்மாவோ பார்த்துக்கொள்ளட்டும், நீயும் உம்மாவும் மட்டும் மாடியில் உட்காருங்கள், அந்த அரை மணி நேரம் அவனைப் பற்றிப் பேசவே கூடாது. கேட்க வாய் வரவில்லை என்றால் இந்தப் பக்கத்தை மடித்து, உம்மா காலையில் டீ போடுகிற இடத்தில், சீனி டப்பாவுக்குக் கீழே வைத்துவிடு. அவர் படிப்பார். படித்துவிட்டு உடனே ஒன்றும் சொல்லவில்லை என்றாலும் கோபித்துக்கொள்ளாதே, எனக்கும் உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் மகளிடம் பேசும்போது கொஞ்ச நேரம் வார்த்தை வரவில்லை.