746-ஆல் பெருக்குவதற்கு முன்: மின்திறன் கணக்கு பற்றிய கேள்வி பதில்

கோவையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்து 28 ஆண்டுகள் ஆகின்றன. ஹெச்.பி.யை (குதிரைத்திறன்; ஒன்று 746 வாட்) வாட்டாக்குவது, வாட்டை ஆம்பியராக்குவது, கேவிஏ, டன், யூனிட் என்று வந்து சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெருக்கலும் வகுத்தலும் யாருக்கும் வரும். அந்த எண்ணை இயந்திரத்தின் எந்த இடத்தில் அளந்தார்கள் என்று பார்க்காமல் பெருக்குவதால்தான் மோட்டாரும் பாட்டரியும் பாழாகின்றன. பல பதில்களில் அதையே முதலில் சொல்லியிருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி, மாவு மில் வைத்திருப்பவர்: ஐயா, என் மில்லில் 5 ஹெச்.பி. மோட்டார் ஓடுகிறது. 5-ஐ 746-ஆல் பெருக்கினால் 3,730 வாட். ஒரு மணி நேரம் ஓடினால் 3.73 யூனிட் ஆக வேண்டும். மீட்டரோ 4.4 யூனிட் காட்டுகிறது. மீட்டரில் கோளாறா?

மீட்டர் சரியாகத்தான் ஓடுகிறது. உங்கள் பெருக்கலும் சரி. மோட்டாரின் நேம் பிளேட்டில் உள்ள ஹெச்.பி., சாஃப்ட் (சுழலும் தண்டு) வெளியே தரும் திறன். மீட்டர் அளப்பதோ உள்ளே போகும் மின்சாரத்தை. இரண்டுக்கும் நடுவில் காயில் சூடாவதிலும், இரும்புத் தகடு சூடாவதிலும், பேரிங் உராய்விலும் ஒரு பங்கு போய்விடும். உங்கள் மோட்டாரின் செயல்திறன் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,730-ஐ 0.85-ஆல் வகுத்தால் 4,390 வாட் வரும். மணிக்கு 4.4 யூனிட். மீட்டர் சொன்னதும் அதுதான்.

துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு நேம் பிளேட்டைத் துடைத்துப் பாருங்கள். 3.7 கிலோவாட், 5 ஹெச்.பி. என்று இரண்டும் இருக்கும். அந்தக் கிலோவாட்டும் சாஃப்ட் தருவதுதான். செயல்திறன் சதவீதமும் பக்கத்திலேயே அச்சாகியிருக்கலாம். ஐ.இ.3 என்ற உயர் செயல்திறன் வகை மோட்டார் என்றால் இந்த அளவில் 88-ஐ ஒட்டி இருக்கும். நாள் முழுவதும் ஓடும் மில்லுக்கு அந்த மூன்று சதவீதம் பெரிய பணம். இன்னொன்று: இதெல்லாம் முழு பாரத்தில் ஓடும்போது உள்ள கணக்கு. தானியம் போடாமல் வெறுமனே சுற்றினால் மீட்டர் மெதுவாகத்தான் நகரும்.

உடுமலை, விவசாயி: அண்ணா, 5 ஹெச்.பி. மும்முனை மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கும்? ஸ்டார்ட்டரில் ரிலேயை எவ்வளவில் வைப்பது?

முதலில் உள்ளே போகும் வாட்: மேலே சொன்ன 4,390. அதை 1.732, 415 வோல்ட், பவர் ஃபாக்டர் (அது என்ன என்று மதுரைக்காரருக்கான பதிலில் சொல்லியிருக்கிறேன்) 0.85 ஆகிய மூன்றின் பெருக்கலால் வகுத்தால் 7.2 ஆம்பியர் வரும். பட்டறையில் நாங்கள் வாய்க்கணக்காக ஹெச்.பி.க்கு ஒன்றரை ஆம்பியர் என்போம். கிணற்று மேட்டில் வைக்கும் சாதாரண மோட்டாருக்கு அது பொருந்தும். ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறங்கும் நீர்மூழ்கி மோட்டார் ஒடுங்கிய உடம்பு கொண்டது. செயல்திறன் குறைவு, ஆம்பியர் அதிகம். அதற்கு வாய்க்கணக்கு உதவாது. ஆம்பியர் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் காவல்தான் ரிலே; நேம் பிளேட் ஆம்பியரைப் பார்த்தே அதை வையுங்கள்.

இதைவிட முக்கியமானது மின்னழுத்தம். 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 340 வந்தால், அதே தண்ணீரை இறைக்க மோட்டார் 8.8 ஆம்பியர் வரை இழுக்கும். காயிலில் உண்டாகும் சூடு ஆம்பியரின் இருமடிப்படி ஏறும் என்பதால், ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சூடு. அப்போது ரிலே அடிக்கடி தட்டிவிடும். தொந்தரவாக இருக்கிறதே என்று பலர் அதன் திருகை மேலே ஏற்றி வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அப்படி எரிந்து வரும் மோட்டாரைத் திறந்தால் வார்னிஷ் கருகிய வாடை முகத்தில் அடிக்கும். காயில் முழுவதும் ஒரே சீராகக் கருத்திருக்கும். ஒரு முனை மட்டும் அறுந்து எரிந்ததென்றால் சில தொகுதிகள் கருகி, மற்றவை புதிதுபோல மினுங்கும். பார்த்தவுடன் காரணம் தெரிந்துவிடும். காயில் கட்டும் செலவைவிட, தண்ணீர் பாயாமல் பயிர் நிற்கும் அந்த நாட்கள்தான் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஈரோடு, பதினொன்றாம் வகுப்பு மாணவர்: 746 என்ற எண் எங்கிருந்து வந்தது, ஐயா?

நல்ல கேள்வி, தம்பி. ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரம் எத்தனை குதிரைக்கு ஈடு என்று வாங்குபவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயரம் தூக்கும் திறனை ஒரு குதிரைத்திறன் என்று அவர் வைத்தார். நொடிக்கு 550 அடி-பவுண்டு. அதை இன்றைய அளவுக்கு மாற்றினால் 745.7 வாட், அதையே 746 என்று முழுமையாக்கிச் சொல்கிறோம். வாட் என்ற அலகுக்கு அவர் பெயரைச் சூட்டும் யோசனை 1882-இல் வந்தது.

மெட்ரிக் குதிரைத்திறன் என்று இன்னொன்று உண்டு: 75 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்குவது. அது 735.5 வாட். கார் விளம்பரத்தில் பி.எஸ். என்று போடுவது இதைத்தான். 90 பி.எஸ். என்றால் 66.2 கிலோவாட்.

இந்த 75 கிலோ கணக்கு நம் ஊருக்கு நன்றாகப் பொருந்தும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. காளைகளைப் பூட்டிக் கவலை இறைத்த கிணற்றை உன் தாத்தாவிடம் கேட்டுப் பார். 50 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு குதிரைத்திறன் நொடிக்கு ஒன்றரை லிட்டர்தான் தூக்க முடியும். அதுவும் இழப்பே இல்லாத கணக்கில். பம்பின் செயல்திறன் 50 சதவீதம் என்றால் முக்கால் லிட்டர்.

மதுரை, தையல் கடைக்காரர்: 900 விஏ இன்வெர்ட்டர் வாங்கினேன். 900 வாட் வரை போடலாமா? பாட்டரி 12 வோல்ட், 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி). எத்தனை மணி நேரம் வரும்?

போடக்கூடாது. விஏ என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் வெறுமனே பெருக்கியது. அவை இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால்தான் விஏ முழுவதும் வாட் ஆகும். விசிறியிலும் தையல் மோட்டாரிலும் அப்படி நடப்பதில்லை. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு காளைகளில் ஒன்று அரை அடி பின்தங்கி நடந்தால் வண்டிக்கு முழு இழுப்பு கிடைக்குமா? எவ்வளவு கிடைக்கிறது என்பதைச் சொல்லும் எண்தான் பவர் ஃபாக்டர். 0.8 என்றால் 900 விஏ, 720 வாட் ஆகும். கடையில் கேட்கும்போது விஏயோடு வாட்டையும் கேளுங்கள். பெரிய ஜெனரேட்டரின் கேவிஏவுக்கும் (1,000 விஏ) இதே கணக்கு.

பாட்டரி வேறு கணக்கு. 12-ஐ 150-ஆல் பெருக்கினால் 1,800 வாட்-மணி. ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி. ஆக உங்கள் பாட்டரிக்குள் இருப்பது 1.8 யூனிட். அதை முழுவதும் வடித்தால் பாட்டரி சீக்கிரம் செத்துவிடும். 80 சதவீதத்தோடு நிறுத்தி, இன்வெர்ட்டரின் இழப்புக்கு இன்னொரு 20 சதவீதம் கழித்தால் கையில் கிடைப்பது 1,150 வாட்-மணி. மூன்று விசிறி 225 வாட், நான்கு எல்.இ.டி. விளக்கு 36 வாட், ஆகமொத்தம் 261. நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். இஸ்திரிப் பெட்டி 1,000 வாட். அதை இதில் செருகவே வேண்டாம்.

சென்னை, வாடகை வீட்டில் இருப்பவர்: ஒன்றரை டன் ஏசி என்றால் எத்தனை கிலோவாட்?

எதை அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகத்தில் வெப்பத்தை வெளியேற்றுவது ஒரு டன். வாட் கணக்கில் 3,517. ஒன்றரை டன் ஏறத்தாழ 5.3 கிலோவாட். இது அறையிலிருந்து வெளியேறும் வெப்பம். இதை மின்சாரக் கணக்கு என்று நினைத்துப் பயப்படாதீர்கள். கம்ப்ரசரின் வேலை வெப்பத்தை உண்டாக்குவதல்ல. உள்ளே இருப்பதை வெளியே கடத்துகிறது. அதற்கு இழுக்கும் மின்சாரம் நல்ல ஏசியில் ஒன்றரைக் கிலோவாட்டை ஒட்டி இருக்கும். பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு எண்களும் தனித்தனியாக அச்சிடப்பட்டிருக்கும்.

திருநெல்வேலி, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: கூடங்குளத்தில் ஓர் அணு உலை 1,000 மெகாவாட் என்கிறார்கள். செய்தியில் கோடி யூனிட் என்றும் வருகிறது. இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. மெகாவாட், குழாயில் தண்ணீர் வரும் வேகம். யூனிட், தொட்டியில் சேர்ந்த தண்ணீர். 1,000 மெகாவாட் உலை ஒரு மணி நேரம் முழுத்திறனில் ஓடினால் 10 லட்சம் யூனிட், ஒரு நாளில் 2.4 கோடி யூனிட். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது. அதை 24-ஆல் பெருக்கிவிடக் கூடாது. 648 என்பது உச்சி வெயிலுக்கான எண். தேர்வில் இதில்தான் பலர் தவறுகிறார்கள். எழுதும்போது சிறிய எம் மில்லி, பெரிய எம் மெகா. இடைவெளி நூறு கோடி மடங்கு.

சேலம், மின்சார ஸ்கூட்டர் வாங்கியவர்: பாட்டரி 3 கிலோவாட்-மணி, சார்ஜர் 750 வாட். எவ்வளவு நேரம் ஆகும்?

3,000-ஐ 750-ஆல் வகுங்கள்: நான்கு மணி நேரம். இழப்பைச் சேர்த்துக் கொஞ்சம் கூடும்.

தஞ்சாவூர், இல்லத்தரசி: எங்கள் பழைய ஃபிரிட்ஜ் எவ்வளவு இழுக்கிறது என்று எந்தக் கருவியும் வாங்காமல் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும் அம்மா, உங்கள் வீட்டு மின்மீட்டரே போதும். அதில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருப்பார்கள்; 3,200 என்று இருப்பதாகக் கொள்வோம். 36 லட்சத்தை 3,200-ஆல் வகுத்தால் 1,125. இந்த எண்ணை, இரண்டு மினுக்குகளுக்கு இடைப்பட்ட நொடிகளால் வகுத்தால் அந்த நேரத்தில் ஓடும் வாட் கிடைத்துவிடும். உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால் அதை வைத்து வகுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு 75 வாட் விசிறியை மட்டும் முழு வேகத்தில் போட்டுப் பாருங்கள். 15 நொடிக்கு ஒரு முறை மினுக்கினால் கணக்கு சரி. பிறகு விசிறியை நிறுத்திவிட்டு, ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் உறுமும்போது மட்டும் எண்ணுங்கள். பத்து மினுக்குக்கு 94 நொடி ஆனால் 120 வாட். 60 நொடியில் பத்தும் முடிந்துவிட்டால் 187 வாட். அதோடு நிறுத்தாமல், ஒரு நாளில் கம்ப்ரசர் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்றும் குறித்துவையுங்கள். ஃபிரிட்ஜையும் அணைத்த பிறகு விளக்கு இன்னும் மினுக்கினால், எங்கோ ஒரு டி.வி. பெட்டியோ சார்ஜரோ சுவிட்சில் இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் வயரிங்கில் கசிவு இருக்கலாம். தாமதிக்காமல் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.