வினிகரில் நுரைக்காத வெள்ளைக் கல் குவார்ட்ஸ்தானா?

உங்கள் வெள்ளைக் கல் வினிகரில் நுரைக்காததால் அது குவார்ட்ஸ் என்ற கனிமமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, உங்கள் கல் குவார்ட்ஸ் அல்ல. வினிகரில் நுரைக்கவில்லை என்பதைவிட, உடைத்தபோது சாய்ந்த பெட்டிகளைப் போன்ற துண்டுகள் கிடைத்தன என்று நீங்கள் எழுதியதுதான் முக்கியமான தடயம். குவார்ட்ஸ் அப்படிப் பிளவுபடாது. கண்ணாடிச் சில்லுபோல வளைந்த பரப்புகளோடு உடையும்.

பெரும்பாலும் அது டோலமைட்டாக இருக்கும். இந்தக் கனிமம், சுண்ணாம்புக் கல்லில் உள்ள, வினிகரில் நுரைக்கும் கால்சைட்டைப் போலவே பிளக்கும், ஆனால் டோலமைட்டில் மக்னீசியம் கலந்திருப்பதால் வினிகர் போன்ற வீரியம் குறைந்த அமிலத்தோடு மிக மெதுவாகவே வினைபுரியும். முழுக் கல்லின் மேல் வினிகரை ஊற்றிவிட்டு முடிவுக்கு வருவது பலரும் செய்யும் தவறு.

இப்படிச் சோதியுங்கள்:

1. புதிதாக உடைந்த பரப்பில் எஃகுக் கத்தி முனையால் கீறுங்கள். கனிமங்களின் கடினத்தன்மையைக் குறிக்கும் மோஸ் அளவுகோலில் கால்சைட் 3, டோலமைட் 3.5 முதல் 4 வரை. இரண்டிலும் கோடு விழும். குவார்ட்ஸ் 7, அதில் விழாது. கோட்டை ஈர விரலால் துடைத்துப் பாருங்கள். அழிந்துவிட்டால் அது கத்தியின் உலோகத் தடம் மட்டுமே.

2. சிறு துண்டைப் பொடியாக்கி, வெதுவெதுப்பான வினிகரை விடுங்கள். உருப்பெருக்கியில் நுண்ணிய குமிழிகள் தெரிந்தால் டோலமைட் என்ற ஊகம் வலுப்பெறும். உடைக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

கத்தி கீறவே இல்லையென்றால் என் ஊகம் தவறு. அப்போது பிளவுக் கோணத்தைப் பாருங்கள்: ஏறக்குறைய 90 பாகையாக இருந்தால் பெல்ட்ஸ்பார் என்ற வேறொரு கனிமமாக இருக்கலாம்.