கார்த்திகைக் கூட்டம் எவ்வளவு தூரம்? கல்லடிக் கடற்கரையில் கிளம்பிய கேள்விகள்

மாரி மழை விட்டு இரண்டு கிழமையாக மட்டக்களப்பு வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. போன சனிக்கிழமை ஏழு மணிபோல என் பழைய பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு கல்லடிக் கடற்கரைக்குப் போனேன். உச்சிக்குக் கொஞ்சம் மேற்கே கொத்தாக நின்ற கார்த்திகை வெள்ளிகளை (எங்கள் பக்கம் விண்மீனை வெள்ளி என்போம்) பத்துப் பதினைந்து பேருக்குக் காட்டினேன். அன்று தொடங்கிய கேள்விகள் இன்னும் ஓயவில்லை. நான் படிப்பித்தது கணிதம், வானம் பார்ப்பது ஆசைக்கு. தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

மண்டூர் அம்மா ஒருவர்: தம்பி, முருகனுக்குப் பால் குடுத்த கார்த்திகைப் பொண்டுகள் ஆறு பேர். என்ட கண்ணுக்கும் ஆறுதான் தெரியுது. பேரன் ஏழு எண்டு நிக்கிறான். ஆரு சரி?

இரண்டு பேரும் சரி அம்மா. நம் முன்னோர் ‘அறுமீன்’ என்றார்கள், கிரேக்கர் ஏழு சகோதரிகள் என்றார்கள். சாதாரணக் கண்ணுக்கு ஆறு தெரியும். ஏழாவதாக வரவேண்டிய பிளையோனி, அட்லஸ் என்கிற வெள்ளியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. போதாததற்கு அதன் வெளிச்சமும் கூடிக் குறைகிற வகை. கெப்ளரின் ஆசான் மேஸ்ட்லின் தொலைநோக்கி வருவதற்கு முன்பே பதினொன்றைக் குறித்து வைத்தார். கலிலியோ 1610இல் வெளியிட்ட படத்தில் 36 இருந்தன. இன்றைய கணக்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பேரனை வாகரைப் பக்கத்து இருட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், எட்டு என்பான்.

கல்முனையிலிருந்து: சேர், எங்கட உம்மும்மா ‘துரையா’ எண்டு சொல்ற வெள்ளிக் கூட்டமும் இதுதானா?

அதேதான். அரபியில் அதன் பெயர் அதுவே. பெண் பிள்ளைகளுக்கு வைக்கிற சுரையா என்ற பெயரும் அதுவே.

வந்தாறுமூலை மாணவர்: பக்கத்தில பக்கத்தில தெரிஞ்சா கூட்டமாகிடுமா? ஒண்டு கிட்டவும் மற்றது எட்டவும் இருந்து, எங்கட கண்ணுக்கு மட்டும் ஒரே இடத்தில தெரியலாமே?

நல்ல சந்தேகம். இதைக் கணக்காக முதலில் போட்டவர் ஜோன் மிட்செல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், 1767இல். வானத்தில் வெள்ளிகள் கண்டபடி சிதறிக் கிடக்கின்றன என்று வைத்துக்கொண்டு, கார்த்திகையின் ஆறு பிரகாசமான வெள்ளிகளும் தற்செயலாக இவ்வளவு நெருக்கமாக விழ எத்தனைக்கு ஒரு வாய்ப்பு என்று பார்த்தார். ஏறத்தாழ 5 இலட்சத்தில் ஒன்று என்று வந்தது. அம்பாறை விவசாயிக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. வீசி விதைத்த வயலில் ஒரு சாண் இடத்தில் மட்டும் பயிர் அடர்ந்து நின்றால், அங்கே ஒரு கதிர் அப்படியே விழுந்து முளைத்திருக்கிறது என்று பார்த்த உடனே சொல்லிவிடுவார்.

பிறகு வந்தவர்கள் வெள்ளிகளின் இடங்களை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அளந்தார்கள். எல்லாம் ஒரே திசையில், ஒரே வேகத்தில் நகர்வது தெரிந்தது. முழுநிலாவின் அகலத்தைக் கடக்க 36,000 ஆண்டுவரை எடுக்கிற நகர்வு அது. யார் கூட்டத்தின் பிள்ளை, யார் இடையில் வந்து நிற்கிற வழிப்போக்கன் என்று பிரிப்பதும் இந்த நகர்வை வைத்துத்தான். 1846இல் ஜெர்மனியரான மேட்லர் இந்த அளவுகளைப் பார்த்து உற்சாகம் மிஞ்சி, நடுவில் நிற்கிற அல்சியோனியைச் சுற்றித்தான் நம் விண்மீன் உலகமே சுழல்கிறது என்றார். பிழை. அளந்தவர்கள் கெட்டிக்காரர்கள், முடிவெடுத்தவர் அவசரக்காரர்.

செங்கலடி ஆசிரியை: ஒரு புத்தகத்தில் தூரம் 390 ஒளியாண்டு, இன்னொன்றில் 440. பிள்ளைகளுக்கு எதைச் சொல்ல?

440ஐச் சொல்லுங்கள் (ஒளியாண்டு என்றால் ஒளி ஓர் ஆண்டில் ஓடுகிற தூரம்). ஆனால் அந்த 390 அச்சுப்பிழை அல்ல, அதற்கு ஒரு கதை இருக்கிறது.

வெள்ளியின் தூரத்தை அளக்கிற வழி, வாவிக்கரையில் நடப்பவருக்குத் தெரிந்ததுதான். எழுவான்கரையில், அதாவது வாவியின் கிழக்குக் கரையில், பத்து அடி தள்ளி நின்று பார்த்தால், கிட்ட நிற்கிற தோணி, அக்கரைத் தென்னைகளுக்கு முன்னால் இடம் மாறித் தெரியும். தோணி தூரப் போகப் போக இடமாற்றம் குறையும். வானியலாளருக்குப் பூமியே நடந்து கொடுக்கிறது. ஆறு மாதத்தில் சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறோம். கிட்டத்து வெள்ளி, தூரத்து வெள்ளிகளுக்கு முன்னால் சற்று விலகித் தெரியும். அந்த விலகலில் பாதியைத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

கார்த்திகைக்கு அந்தக் கோணம் எவ்வளவு என்றால், கொழும்பில் ஒருவர் கையில் வைத்திருக்கிற ஒரு கடலையை மட்டக்களப்பிலிருந்து பார்க்கிற அளவு. (கச்சான் அல்ல, கோயிலடியில் அவித்து விற்கிற கடலை.) தரையிலிருந்து காற்றின் நடுக்கத்துக்குள்ளால் இதை அளப்பது பெரும்பாடு. ஆகவே ஐரோப்பியர்கள் 1989இல் ஹிப்பார்க்கஸ் என்ற செய்மதியை அனுப்பினார்கள். 1997இல் அதன் பட்டியல் வந்தது. கார்த்திகையின் தூரம் 390 ஒளியாண்டுக்குக் கிட்ட என்றது. அதுவரை வேறு வழிகளால் கணித்தவர்கள் 430, 440 என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம்முடைய கடலைக் கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர்தான், ஒரு கடுகளவும் வராது.

அந்தக் கடுகுக்காகப் பதினைந்து, இருபது வருடச் சண்டை. ஏன்? வெள்ளி கிட்ட இருக்கிறது என்றால், நமக்குத் தெரிகிற வெளிச்சத்துக்கு அதன் உண்மையான வெளிச்சம் குறைவு என்று அர்த்தம். 390 சரியென்றால், கார்த்திகை வெள்ளிகள் அதே நிறமுள்ள மற்ற வெள்ளிகளைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மங்கல். அப்படியானால் வெள்ளிகள் எப்படி எரிகின்றன என்று நாம் எழுதி வைத்திருப்பதையே திருத்த வேண்டும். செய்மதியை நம்புவதா, கொள்கையை நம்புவதா?

2004இல் மூன்று பேர் வேறு வழியால் வந்தார்கள். அட்லஸ் ஒரு வெள்ளி அல்ல, 291 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகிற சோடி. அந்தச் சுற்றுப்பாதையை அளந்து தூரத்தைக் கணித்தார்கள். செய்மதி சொன்ன தூரம் பொருந்தவில்லை. 2014இல் கடலுக்கு அங்காலும் இங்காலும் நிற்கிற வானொலித் தொலைநோக்கிகளைச் சேர்த்து ஒரே கண்ணாக்கிப் பார்த்தார்கள், 444 ஒளியாண்டு என்று வந்தது. ஹிப்பார்க்கஸின் வாரிசான கையா செய்மதியின் அளவு 2018இல் வந்தபோது அதுவும் இதன் பக்கமே நின்றது. ஹிப்பார்க்கஸ் கெட்ட கருவி அல்ல, இலட்சத்துக்கு மேற்பட்ட வெள்ளிகளை அளந்து கொடுத்தது. கார்த்திகையில்தான் அதற்குக் கால் இடறியது.

பொத்துவிலில் இருந்து: வெள்ளிக்கு வயசு எப்படிப் பாக்கிறது? பிறப்புச் சாட்சிப் பத்திரமா இருக்கு?

இருக்கிறது, நிறத்தில் எழுதியிருக்கிறது. எடை கூடிய வெள்ளி நீலமாக, கடும் வெளிச்சமாக எரிந்து சீக்கிரம் முடிந்துவிடும். எடை குறைந்தது சிவப்பாக, சிக்கனமாகக் காலம் தள்ளும். கூட்டத்தில் எல்லாம் ஒரே காலத்தில் பிறந்தவை, ஒரே தூரத்தில் நிற்பவை. ஆகவே நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒரு வரைபில் போட்டால் எவை முடியத் தொடங்கிவிட்டன, எவை தொடங்கவில்லை என்று தெரியும். ஹெர்ட்ஸ்ப்ருங் என்ற வானியலாளர் 1911இல் கார்த்திகைக்கு அப்படியொரு வரைபு வெளியிட்டார். இன்று உலகமெங்கும் படிப்பிக்கிற வரைபின் மூத்த பிள்ளைகளில் அது ஒன்று.

இன்னொரு வழி இலிதியம். சின்ன வெள்ளிகள் தம்மிடமுள்ள இலிதியத்தை மெல்ல மெல்ல எரித்து முடிக்கும். ஓர் எடைக்குக் கீழே இன்னும் எரியாமல் மிஞ்சியிருக்கும். அந்த எல்லை எங்கே என்று பார்த்தால் வயது வரும். கார்த்திகைக்கு ஏறத்தாழ 12 கோடி ஆண்டு. சூரியனுக்கு 460 கோடி. டைனோசர்கள் நடமாடிய காலத்தில் பிறந்த குழந்தைகள் இவை. இந்தத் தேடலில்தான் 1995இல் டெய்டே 1 அகப்பட்டது. வெள்ளியாக எரிய எடை போதாத ‘பழுப்புக் குள்ளன்’ என்று உறுதியான முதல் பொருட்களில் அதுவும் ஒன்று.

அக்கரைப்பற்றுத் தம்பி: படங்களில நீலப் புகை மாதிரிச் சுத்திக் கிடக்குதே, அதுலதான் வெள்ளி பிறந்ததா?

அப்படித்தான் நெடுநாள் நினைத்தார்கள். 1912இல் சிலைஃபர் என்ற வானியலாளர் அந்தப் புகையின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். பக்கத்து வெள்ளியின் ஒளியே அச்சொட்டாக அதில் இருந்தது. புகைக்குச் சொந்த வெளிச்சம் இல்லை, தூசு ஒளியைத் திருப்பிவிடுகிறது. தூசும் கூட்டமும் வெவ்வேறு வேகத்தில் போவதால் அது பிறந்த வீட்டுத் தூசும் அல்ல என்று பிறகு தெரிந்தது. சூடடித்த வயலில் வைக்கோல் எரிக்கிற புகைக்குள்ளால் மோட்டார் சைக்கிள் போகும்போது லைட்டைச் சுற்றி ஒரு வட்டம் தெரியுமே, அதுதான்.

காத்தான்குடியிலிருந்து: ‘திறந்த கொத்து’ எண்டால்? மூடின கொத்தும் இருக்கா?

மூடினது இல்லை, கோளக் கொத்து இருக்கிறது. அது இலட்சக்கணக்கான கிழட்டு வெள்ளிகள் பந்தாகத் திரண்டது. திறந்த கொத்தில் நூறோ ஆயிரமோ, தளர்வாக, பெரும்பாலும் இளசாக இருக்கும். பிடிமானம் குறைவு, சில பத்துக் கோடி ஆண்டில் கார்த்திகையும் கலைந்துவிடும். 1930இல் டிரம்ப்ளர் என்ற வானியலாளர் இப்படி நூறு கொத்துகளைப் பார்த்தார். வெளிச்சத்தை வைத்துத் தூரம் கணித்தால், தூரத்துக் கொத்துகள் எல்லாம் வேண்டுமென்றே பெரிதாகக் கட்டிய மாதிரி வந்தன. கொத்துகள் பெரிதல்ல, இடையில் தூசு வெளிச்சத்தைக் குடிக்கிறது என்று அவர் பிடித்துக்கொண்டார். மழைத்தூறலில் வாவிக்கு மேற்கே படுவான்கரை லைட் மங்கினால், வாவி அகன்றுவிட்டது என்று யாராவது சொல்வார்களா?

திருக்கோவிலில் இருந்து: மகள் கார்த்திகை நட்சத்திரம். கலியாணம்...

அதற்கு நான் ஆள் இல்லை, தங்கச்சி. பிள்ளையைப் படிக்க விடுங்கள்.

களுவாஞ்சிகுடித் தம்பி: தொலைநோக்கி வாங்கினால் நல்லாத் தெரியுமா?

இதற்கு வேண்டாம். பெருக்கம் கூடினால் கூட்டம் கண்ணாடிக்குள் அடங்காது. முழுநிலாவைவிட மூன்று நான்கு மடங்கு அகலம் அது. 7க்கு 50 அல்லது 10க்கு 50 பைனாகுலர் போதும். நான் ஆசைப்பட்டு வாங்கிய தொலைநோக்கியை உறையில் போட்டு அலுமாரியில் வைத்தேன். ஒரு மாரி கழித்துத் திறந்தால் வில்லை முழுக்கப் பூஞ்சணம், சிலந்திவலை போல. கடற்கரை ஊரில் கண்ணாடிச் சாமானைக் காற்றுப் படுகிற இடத்தில் வையுங்கள்.

பலரும் கேட்டது: எப்ப பாக்கிறது?

நம் பக்கத்துக்கு ஒரு கெட்ட ராசி. விளக்கீட்டுக் காலத்தில் சூரியன் கார்த்திகைக்கு நேர் எதிரே நிற்பதால் பொழுதுபட எழும்பி விடியும்வரை தெரியவேண்டும். ஆனால் அப்போதுதான் வாடைமழை. ஆகவே மாசி, பங்குனியில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு பாருங்கள், மார்ச் நடுவில் ஏழு மணிக்குப் படுவான்கரைப் பக்கம் பாதி உயரத்தில் நிற்கும். மே மாதம் தேடவேண்டாம், சூரியனோடு போய்விடும். செப்டெம்பர் கடைசியில் ஒன்பதரை மணி வாக்கில் கடற்கரைக்கு வந்தால், வடகிழக்கே கடலுக்குள்ளிருந்து ஒரு பிடி வெண்மணல் போல எழும்பும். நான் பைனாகுலரோடு வருவேன். பிளாஸ்கில் தேத்தண்ணி யாராவது கொண்டுவாருங்கள்.