கவனிப்புக் கடமை என்றால் தீங்கைத் தடுப்பது மட்டும்தானா?

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலைக்குச் சேரப்போகிறேன். பயிற்சியில் ‘டியூட்டி ஆஃப் கேர்’ (கவனிப்புக் கடமை) என்று அடிக்கடி சொல்கிறார்கள். நடைமுறையில் அதற்கு என்ன பொருள்?

பயிற்சியில் சொல்லப்படும் விளக்கம் பெரும்பாலும் ஒரே வரிதான்: நம் செயலாலோ, செய்யாமல் விட்டதாலோ, நம் பொறுப்பில் இருப்பவருக்குத் தீங்கு நேரக் கூடாது. அது சரியான விளக்கமே. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போன நான் முதல் சில வாரங்களிலேயே தடுமாறினேன்.

பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதில் சிரமப்பட்ட ஒரு பெரியவர் என் கவனிப்பில் இருந்தார். பானம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரல் அழற்சி வரக்கூடும் என்பதால், எதைக் குடிக்கக் கொடுத்தாலும் கெட்டியாக்கும் பொடி கலந்தே கொடுக்க வேண்டும் என்று அவருடைய பராமரிப்புத் திட்டத்தில் எழுதியிருந்தது. அவரோ தினமும் சாதாரணத் தேநீர்தான் கேட்பார். நான் மறுப்பேன், அவர் கோப்பையைத் தள்ளிவிடுவார், நான் பதிவேட்டில் ‘மறுத்தார்’ என்று ஒரு சொல் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவேன். கடமையைச் சரியாகச் செய்கிறேன் என்ற நம்பிக்கையோடே, அவர் உடலில் நீர் வற்றிக்கொண்டிருப்பதைக் கவனிக்கத் தவறியிருந்தேன்.

மூத்த செவிலியர் ஒருவர் அந்தப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, “ஏன் மறுக்கிறார் என்று கேட்டீர்களா, யாரிடமாவது சொன்னீர்களா?” என்று வினவியபோது என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகுதான் 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டத்தை ஒழுங்காகப் படித்தேன். ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று நிறுவப்படும்வரை திறன் உண்டு என்றே கொள்ள வேண்டும் என்றும், அவர் எடுக்கும் முடிவு நமக்கு விவேகமற்றதாகத் தோன்றுவதாலேயே அவருக்குத் திறனில்லை என்று சொல்லிவிட முடியாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளர் வந்து ஆபத்தை விளக்கினார். பெரியவர் அதைப் புரிந்துகொண்டு, நினைவில் வைத்து, சீர்தூக்கிப் பார்த்துத் தம் விருப்பத்தைத் தெளிவாகச் சொன்னார். நிமிர்ந்து உட்கார்ந்து, சிறு சிறு மிடறாக, ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டும் சாதாரணத் தேநீர் என்று திட்டம் மாற்றி எழுதப்பட்டது. அந்த மாற்றத்தை நானே தனியாகச் செய்திருந்தால் அது பெரும் தவறாகியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சட்ட வரலாற்றில் இக்கடமையின் வேரை 1932இல், அன்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த ஸ்காட்லாந்து வழக்கொன்றில் காட்டுவார்கள். ஜிஞ்சர் பீர் போத்தலுக்குள் நத்தை கிடந்ததாகத் தொடுக்கப்பட்ட வழக்கு அது; பானத்தைத் தயாரித்தவருக்கு அதைக் குடிப்பவரிடம் கவனிப்புக் கடமை உண்டு என்று தீர்ப்பானது. (நத்தை உண்மையில் இருந்ததா என்பது நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவே இல்லை.) நம் வேலைக்கு அதைவிட நெருக்கமானது 2015இல் நடைமுறைக்கு வந்த ஒரு குற்றவியல் விதி: பராமரிப்புப் பணியாளர் தம் பொறுப்பில் உள்ளவரைத் துன்புறுத்தினாலோ வேண்டுமென்றே புறக்கணித்தாலோ 5 ஆண்டுவரை சிறைத்தண்டனை கிடைக்கலாம்.

இதைக் கேட்டு அஞ்ச வேண்டாம். நேர்மையாகச் செய்த பிழையும் வேண்டுமென்றே புறக்கணிப்பதும் ஒன்றல்ல. பயிற்சி பெறாத வேலையைச் செய்யச் சொன்னால் மறுப்பதும் இக்கடமையின் பகுதியே. இருவர் சேர்ந்து ஹாயிஸ்ட் என்னும் தூக்கும் கருவியால் தூக்க வேண்டியவரை, ஆள் பற்றாக்குறை என்று ஒருவரே தூக்கச் சொன்னால், மறுத்துவிட்டுக் காரணத்தை மேலாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

பதிவேட்டில் இப்போதெல்லாம் நான் ‘மறுத்தார்’ என்பதோடு நிறுத்துவதில்லை. எதை மறுத்தார், என்ன காரணம் சொன்னார், மாற்றாக எதைக் கொடுத்துப் பார்த்தேன், எத்தனை மணிக்கு யாரிடம் தெரிவித்தேன் என்பது வரை எழுதுகிறேன். கூடுதலாக இரண்டு நிமிடம் ஆகிறது.