கல்லீரலில் நியூரோஎண்டோகிரைன் கட்டி என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இது கல்லீரல் புற்றுநோய்தானா? குடிப்பதால் வருவதா?

குடிப்பதால் வருவதில்லை. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

உங்கள் வீட்டிலும் யாரோ ஏதோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். என் அப்பா ஒரு சொட்டு தொட்டவர் இல்லை. ஆனால் கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் முகமும் கழுத்தும் கன்றிவிடும். மாநிறம் என்பதால் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது, தொட்டால் சுடும். "மச்சான் ஒரு ரவுண்டு போட்டுட்டுத்தான் பந்திக்கே வருவார்" என்று மாமா சிரிப்பார். கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு. ஐபிஎஸ், அதாவது எளிதில் கலங்கும் குடல், என்று சொல்லி மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கேனில் கல்லீரல் முழுக்கக் கட்டிகள் என்று வந்ததும் அதே மாமா, "நான் அப்பவே சொன்னேனே" என்றார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

விஷயம் இதுதான். ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் இந்தக் கட்டி கல்லீரலிலேயே தொடங்குவது மிக அபூர்வம். பெரும்பாலும் சிறுகுடலிலோ கணையத்திலோ சின்னதாகத் தொடங்கி, கல்லீரலுக்குப் பரவியபின்தான் தெரிகிறது. குடலில் மட்டும் இருக்கும்வரை அது சுரக்கும் செரடோனின் என்ற ஹார்மோனைக் கல்லீரலே முறித்துவிடும். கல்லீரலிலும் கட்டி வந்தபின் அந்தச் சுரப்பு நேரே ரத்தத்தில் கலக்கிறது. முகம் கன்றுவதும் வயிறு போவதும் அதனால்தான்.

அப்பாவின் பயாப்சியில் முதலில் வெறும் 'கார்சினோமா', அதாவது பொதுவாகப் புற்றுநோய், என்றுதான் வந்தது. எடுத்த திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கை வாங்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் ஐஎச்சி (செல் எந்த வகை என்று சாயமேற்றிப் பார்க்கும் சோதனை) செய்தபிறகுதான் பெயர் தெரிந்தது. அந்த ரிப்போர்ட்டில் கேஐ-67 என்று ஒரு எண் இருக்கும், கட்டி எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பதன் அளவு அது. 3 சதவீதத்துக்குக் கீழே என்றால் கிரேடு 1, 20 வரை கிரேடு 2, அதற்கு மேல் கிரேடு 3. அடுத்து கேலியம் டோட்டாடேட் பெட் ஸ்கேன், இந்த வகைக் கட்டி உடம்பில் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் ஸ்கேன். எங்களுக்கு மூலக்கட்டி சிறுகுடலில் இருப்பதைக் காட்டிக்கொடுத்தது அதுதான். செரடோனின் எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்க 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் பிடித்துத் தரும் சோதனைக்கு முன் வாழைப்பழம், அன்னாசி கூடாது. இரவில் பூவன்பழம் இல்லாமல் படுக்காத மனிதருக்கு அதுதான் பெரிய தண்டனை.

இடையில் ஒரு புலம்பல். ஸ்கேன் சென்டரில் படத்தை சிடியில் தருகிறார்கள். இன்றைக்கு எந்த லேப்டாப்பில் சிடி போட இடம் இருக்கிறது? ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்கள் ஒரு பென்டிரைவில் போட்டுத் தந்தால் என்ன குறைந்துவிடும்? டாக்டர் அறையிலும் அந்த சிடி திறக்கவில்லை.

சரி, சிகிச்சை. அப்பாவுக்கு 28 நாளுக்கு ஒருமுறை ஆக்ட்ரியோடைடு எல்ஏஆர், கட்டியின் சுரப்பை அடக்கும் மருந்து, இடுப்பில் ஊசி. பொடியைத் திரவத்தில் கலந்ததும் உடனே போட்டாக வேண்டும், தாமதித்தால் ஊசியில் அடைத்துக்கொள்ளும். வயிற்றுப்போக்கு முதலில் அடங்கியது, கன்றுவது அப்புறம். கட்டி வளர்ந்தால் அடுத்தது லுடீசியம்-177, கட்டியைத் தேடிப் போய் ஒட்டும் கதிரியக்க மருந்து. மும்பை டாடா, வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் கிடைக்கிறது. கல்லீரலில் ஒன்றிரண்டு மட்டும் என்றால் அறுவை சிகிச்சைக்கே வழி உண்டு, அதை விட்டுவிடாமல் கேளுங்கள். எந்த ஆபரேஷன் என்றாலும் மயக்க மருந்து டாக்டரிடம் இந்தக் கட்டியைப் பற்றி முன்பே சொல்லுங்கள். ஆக்ட்ரியோடைடு தயாராக வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் தடுமாறும். இதய வால்வையும் இது கெடுக்கும் என்பதால் எக்கோ எடுக்கச் சொல்வார்கள்.

'ஸ்டீவ் ஜாப்ஸே பிழைக்கவில்லையே' என்று ஒருவர் கமெண்ட் போடுவார், தெரியும். கணையத்தில் அவருக்கு இந்த வகைக் கட்டி கண்டுபிடித்தது 2003-இல், இறந்தது 2011-இல். சாதாரணக் கணையப் புற்றுநோயில் அவ்வளவு காலம் கிடைப்பது அரிது. நான் டாக்டர் இல்லை, வாட்ஸப் வைத்தியமும் சொல்லவில்லை. அதனால் கேஐ-67 எண்ணைக் கீழே போட்டு 'எவ்வளவு காலம்' என்று என்னிடம் கேட்காதீர்கள், ஆன்காலஜிஸ்ட்டிடம் கேளுங்கள்.