பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றால், உடம்பில் ஒன்றுமில்லையா?

கேள்வி: எனக்கு வயது 46, பள்ளி ஆசிரியை. பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகிவிட்ட என் மாமியாரை இரண்டு ஆண்டுகளாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். சில மாதங்களாகப் படபடப்பு, நெஞ்செரிச்சல், கழுத்து வலி. வலிக்கு மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையை அநேகமாகத் தினமும் போட்டுக்கொள்கிறேன். ரத்த அழுத்தம் 146/92 இருந்தது. ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, 'ஒன்றுமில்லை, டென்ஷனைக் குறையுங்கள்' என்று அனுப்பிவிட்டார்கள். அரிவாள்மணையில் வெட்டுப்பட்ட விரல் மூன்று வாரமாகியும் ஆறவில்லை. போன வாரம், கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார் என்று அத்தையிடம் கத்திவிட்டு, கொல்லைப்புறத்தில் நின்று அழுதேன். மார்கழி தவறாமல் பஜனைக்குப் போய்ப் பாடியவள் நான். இப்போது மனம்விட்டுச் சிரித்தே பல நாளாகிறது. எனக்கு இருப்பது நோயா, மனப்பிரமையா?

பதில்: மனப்பிரமை இல்லை. உங்களிடம் சொல்லப்பட்ட 'ஒன்றுமில்லை' என்பதற்கு, அந்த நேரத்தில் எடுத்த ஈசிஜியில் கோளாறு எதுவும் தென்படவில்லை என்பது மட்டுமே பொருள். நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகள் அத்தனையும் உடம்பில் உண்மையாகவே நடப்பவை. அவற்றில் சில மன அழுத்தத்தால் வருபவை. சில, வேறு காரணத்தால் வந்து மன அழுத்தத்தின் கணக்கில் சேர்க்கப்பட்டுவிடுபவை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் 'டென்ஷனைக் குறையுங்கள்' என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அந்த விரல் காயம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் செய்து 1995-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மறதி நோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பராமரித்த 13 பெண்களுக்கும், அதே வயதில் அத்தகைய சுமை இல்லாத 13 பெண்களுக்கும், கையில் மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒரே மாதிரியான சிறு காயத்தை மருத்துவ முறைப்படி உண்டாக்கி, அது ஆறும் நாளைக் கணக்கிட்டார்கள். சுமையில்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாளில் ஆறிய காயம், பராமரிப்பவர்களுக்கு ஆற ஏறக்குறைய 49 நாள் ஆயிற்று. படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ளும் உழைப்பு, பார்த்துக்கொள்பவரின் தோல் வரை இறங்குகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்றை நான் அறியேன்.

இது எப்படி நிகழ்கிறது? 'வயிற்றில் புளியைக் கரைத்தது' என்று நாம் சொல்வது வெறும் பேச்சல்ல. ஆபத்து என்று மூளை கருதிய மாத்திரத்தில், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் பாய்ச்சுகின்றன. சில நிமிடங்களில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனும் கூடுகிறது. இதயம் வேகமெடுக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. செரிமானம், காயம் ஆற்றுதல் போன்ற பொறுத்துச் செய்யக்கூடிய வேலைகளை உடம்பு ஒத்திப்போடுகிறது. தெருநாய் துரத்தும்போது இந்த ஏற்பாடு உயிரைக் காக்கும்; ஓடித் தப்பி, திண்ணையில் உட்கார்ந்து மூச்சு வாங்கியதும் எல்லாம் வடிந்துவிடும். உங்களுக்கு அந்தத் திண்ணை இல்லை. பள்ளி மணி, மகளின் தேர்வு, அத்தையின் முனகல் என்று ஒன்று வடிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவாக இருக்க வேண்டிய கார்டிசால், தூக்கம் துண்டுதுண்டாகும்போது அந்த ஒழுங்கை இழக்கக்கூடும். அழுத்தம் வருவதைக் காட்டிலும், அது வடிய இடமில்லாமல் போவதே கேடு என்பது என் உறுதியான கருத்து. நான் கீழே சொல்லும் யோசனைகள் எல்லாம் அந்த வடிகாலை ஏற்படுத்துவதற்கானவை.

அதற்கு முன் சில பரிசோதனைகள் தேவை. ஆறாத காயம் என்றதும் முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நீரிழிவாக இருக்கலாம். படபடப்புக்கு ரத்தசோகையும் தைராய்டுக் கோளாறும் காரணமாவதுண்டு. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வயதில் மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய மாற்றங்களும் தூக்கத்தையும் மனநிலையையும் குலைக்கும் என்பதால், அதையும் மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள்.

அந்த வலி மாத்திரையை உடனே கவனிக்க வேண்டும். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற வலிநிவாரணிகளைத் தினமும் எடுத்தால் அவையே நெஞ்செரிச்சலைக் கூட்டும், இரைப்பையைப் புண்ணாக்கும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அதாவது, நீங்கள் மன அழுத்தத்தின் மீது போட்ட பழியில் ஒரு பங்கு அந்த மாத்திரைக்கு உரியதாக இருக்கலாம். கவலைதான் வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் என்று மருத்துவ உலகமே நெடுங்காலம் நம்பியிருந்தது. பெரும்பாலான புண்களுக்குப் பின்னால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இருப்பதை பேரி மார்ஷலும் ராபின் வாரனும் கண்டறிந்து, அதற்காக 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். எல்லாவற்றையும் 'டென்ஷன்' என்ற ஒரே பைக்குள் போட்டுக் கட்டிவிடுவது எவ்வளவு தவறு என்பதை எனக்கு எப்போதும் நினைவூட்டும் வரலாறு அது. மாத்திரையின் பெயரை மருத்துவரிடம் காட்டி, மாற்று கேளுங்கள்.

146/92 என்ற அளவை ஒருமுறை பார்த்ததை வைத்து முடிவு கட்ட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஒரு வாரம் வீட்டிலேயே காலையிலும் மாலையிலும், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல் இருந்து அளந்து எழுதி வையுங்கள். சராசரி 135/85-ஐத் தாண்டினால் சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். நடக்கும்போதோ மாடிப்படி ஏறும்போதோ நெஞ்சில் இறுக்கம், மூச்சுத் திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, திடீர் வியர்வை ஆகியவற்றில் எது வந்தாலும், பழைய ஈசிஜியை நம்பி வீட்டில் இருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனி இரவுக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் நோயின் வேர் அங்கேதான் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுபவருக்கு தியானமும் சத்துணவும் சொல்லிக்கொடுத்து என்ன பயன்? படுக்கைப் புண் வராமல் இருக்கத் திருப்பிப் படுக்க வைப்பது அவசியம்தான். ஆனால் அதை ஒருவரே எல்லா இரவும் செய்ய வேண்டும் என்பது அவசியமில்லை. அத்தைக்கு ஏர் பெட் போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஏற்பாடு செய்து, இரவில் இடைவெளியை எவ்வளவு நீட்டலாம் என்று அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள். வாரத்தில் இரண்டு இரவுகளையாவது உங்கள் கணவரோ, அவருடைய உடன்பிறந்தவர்களோ முழுமையாக ஏற்க வேண்டும். முழுமையாக என்றால், நீங்கள் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். பாதி உறக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பது ஓய்வாகாது. உங்கள் நீண்ட கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததைக் கவனித்தேன். அவருடைய தாயைப் பார்த்துக்கொள்வதில் அவருக்குரிய பங்கைக் கேட்பது குறைகூறுவதாகாது. இந்த விடையையே அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் நடந்துவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தையின் பெயரைப் பதிவு செய்யுங்கள். நோயாளியைத் தூக்கும், திருப்பும் முறையையும் அவர்களிடமே கற்றுக்கொள்ளலாம். பராமரிப்பவர்களின் கழுத்து வலிக்கு, முதுகை வளைத்துத் தவறாகத் தூக்குவதும் ஒரு காரணம். காபியைப் பிற்பகலுக்குப் பிறகு தவிருங்கள். மாலை ஐந்து மணிக்குக் குடித்த காபியின் காஃபீனில் ஏறக்குறையப் பாதி, இரவு பத்து மணிக்கும் உடம்பில் தங்கியிருக்கும்.

படபடப்பு வரும் நேரத்தில் ஒன்று செய்து பாருங்கள். மணிக்கட்டில் நாடியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதையும், விடும்போது தளர்வதையும் பலரால் விரல் நுனியிலேயே உணர முடியும். மூச்சு வெளியேறும்போது வேகஸ் நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போடுவதே காரணம். ஐந்து நிமிடம் போதும்; வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில், ஆசிரியர் அறையில் உட்கார்ந்தே செய்யலாம்.

இதே காரணத்தால்தான் நீங்கள் பாடுவதை நிறுத்தியதைக் கண்டு வருந்தினேன். ஒரு வரியைச் சுருதி பிசகாமல் நீட்டிப் பாடுவது, நீண்ட வெளிமூச்சைப் பயில்வதேயாகும்; அதோடு, பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து பாடுகிறார்கள். ஹார்வர்டில் 1938-இல் தொடங்கி இன்றும் நடக்கும் நெடுங்கால ஆய்வில், ஐம்பது வயதில் தம் உறவுகளில் நிறைவு கண்டவர்களே எண்பது வயதில் கூடுதல் நலத்தோடு இருந்தார்கள். 'மகளின் தேர்வு முடியட்டும், வீட்டு நிலைமை சீராகட்டும், பிறகு மகிழ்ச்சியாக இருக்கலாம்' என்று நீங்கள் காத்திருப்பதாகத் தோன்றுகிறது. மனம் சோர்ந்தவர்களுக்கு ஆசை முதலில் வருவதில்லை. செயலைத் தொடங்கிய பிறகுதான் ஆசை மெல்லத் திரும்புகிறது. மார்கழிக்காகக் காத்திராமல், வாரம் ஒரு மாலை, ஒரு மணி நேரம், பழைய தோழிகளுடன் உட்கார்ந்து பாடுங்கள். முதல் இரண்டு வாரம் மனம் ஒட்டாது. அப்படியிருந்தும் போங்கள்.

அத்தையிடம் கத்தியதற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து தூங்காத ஒருவரின் பொறுமை, ஒரு கிண்ணம் கஞ்சியில் உடைந்தது; அவ்வளவே. அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதே சமயம், எதிலும் நாட்டமின்மையும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் நீடித்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும், அன்றே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு வார ரத்த அழுத்தக் குறிப்பு, வலி மாத்திரையின் அட்டை, சர்க்கரைப் பரிசோதனை முடிவு மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். விரலில் வெட்டுப்பட்ட தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். காயத்தைச் சுற்றிச் சிவப்பு, வீக்கம், சீழ் ஏதேனும் இருந்தால் ஒரு வாரம் காத்திருக்காமல் நாளைக்கே காட்ட வேண்டும்.