வராமல் போன மைக்கேல்

(கும்பகோணத்தில் பதினோரு ஆண்டுகள் வீடியோ கேம் கடை நடத்தியவர் வாசகர்களுக்குப் பதில் சொல்லும் பகுதி)

வாசகர், வலங்கைமான்: மைக்கேல் ஜாக்சனை வைத்து ‘பிளானட் மைக்கேல்’ என்ற ஆன்லைன் விளையாட்டு வரப்போவதாகப் பள்ளி நாட்களில் படித்தேன். இரண்டு ஆண்டுகள் ஆசையோடு காத்திருந்தேன். அது என்ன ஆயிற்று?

அது வெளிவரவே இல்லை. உங்களைப் போலவே நானும் காத்திருந்தவன்.

மைக்கேல் மறைந்தது 2009 ஜூன் 25. மறு ஆண்டே அவருடைய சொத்துகளை நிர்வகிப்பவர்களோடு சேர்ந்து ‘சீ விர்ச்சுவல் வேர்ல்ட்ஸ்’ என்ற நிறுவனம் இதை அறிவித்தது. அவருடைய பாடல் காட்சிகளிலிருந்து எழுப்பிய ஓர் உலகம். அதற்குள் பல நாட்டு ரசிகர்கள் ஒரே நேரத்தில் நடமாடலாம். விளையாட்டின் வழியாகவே தொண்டு அமைப்புகளுக்கும் பணம் போகும். 2011-இல் திறப்பதாகச் சொன்னார்கள். அந்தக் கதவு திறக்கவில்லை.

இந்த வகை விளையாட்டு, செய்து முடித்து விற்றுவிடுகிற பண்டம் அல்ல. சர்வர்கள் இரவு பகலாக ஓட வேண்டும், கவனிக்க ஆட்கள் வேண்டும், மாதாமாதம் பணம் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மேட்டூர் திறக்காத வருடத்தில் போர் மோட்டாரை நம்பிக் குறுவை போட்டவர்களுக்கு இது புரியும். மோட்டார் நின்றால் பயிர் பிழைக்காது. அதோடு அனுமதிகள். பாடகரின் முகத்துக்கு ஒருவர், மெட்டுக்கு ஒருவர், ஒலிப்பதிவுக்கு இன்னொருவர் கையெழுத்திட வேண்டியிருக்கும். புகழ்பெற்ற இசைக்கலைஞர் ஒருவரை நாயகனாக்குவது அதனால்தான் மற்ற விளையாட்டுகளைவிடக் கடினம்.

ஆனால் மைக்கேலையே நாயகனாக்கி 1990-இல் செகா என்ற வீடியோ கேம் நிறுவனம் வெளியிட்ட ‘மூன்வாக்கர்’ இருக்கிறது. அதைத் தேடி விளையாடிப் பாருங்கள். மகாமகக் குளத்துக்கு அருகில் இருந்த என் கடையில் அந்த கேட்ரிட்ஜ் தேயாத நாள் கிடையாது. அரை மணிக்கு ஐந்து ரூபாய். ஒளித்து வைக்கப்பட்ட குழந்தைகளை மைக்கேல் தேடி மீட்க வேண்டும். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் அவர் ஆடத் தொடங்குவார். அடிக்க வந்த அத்தனை பேரும் வரிசையில் நின்று அவரோடு சேர்ந்து ஆடி, ஆட்டம் முடிந்ததும் விழுவார்கள். அதற்கு விலை அவருடைய உயிர்ச்சக்தியில் ஒரு பங்கு.

தாராசுரத்திலிருந்து தவில்காரர் வீட்டுப் பையன் ஒருவன் சனிக்கிழமைதோறும் வருவான். உதைப்பது, எறிவது எதிலும் அவனுக்கு நாட்டமில்லை. சக்தி தீரும்வரை ஆட வைத்துக்கொண்டே இருப்பான், இடது கை தொடையில் தாளம் போட்டபடி. அரை மணி ஆகும் முன்பே, பத்து நிமிடத்தில் விளையாட்டு முடிந்துவிடும். நான் மறுபடியும் போட்டுக் கொடுப்பேன். ஒரு கலைஞனின் கலையே விளையாடுகிறவன் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதை அவனிடம்தான் கற்றேன். முகத்தை மட்டும் ஒட்டி வைத்த விளையாட்டுகள் பிறகு எத்தனையோ வந்தன. அவற்றை அந்தப் பையன் தொட்டதே இல்லை.

வாசகி, திருவையாறு: பாடகர் கான்யே வெஸ்ட் இறந்துபோன தன் தாயைப் பற்றி ஒரு விளையாட்டு செய்தாராமே? அம்மாவை வைத்து விளையாட்டா என்று என் மாமியார் கோபப்படுகிறார்.

உங்கள் மாமியாரிடம் என் வணக்கத்தைச் சொல்லிவிட்டு, இதையும் சொல்லுங்கள். அந்தத் தாய் டோண்டா வெஸ்ட், ஆங்கிலப் பேராசிரியை. 2007 நவம்பரில் காலமானார். 2016 பிப்ரவரியில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், நிறைந்த கூட்டத்தின் நடுவே, மகன் அந்த விளையாட்டின் முன்னோட்டத்தைக் காட்டினார். பெயர் ‘ஒன்லி ஒன்’. சிறகு முளைத்த தாய் மேகங்களைக் கடந்து சொர்க்கத்தின் வாசல்களை நோக்கி ஏறிப் போகிறார். கூட்டத்தின் வரவேற்பு மகனுக்குப் போதவில்லை. மறுபடி ஓடவிடச் சொன்னார். அந்த இடத்தில் என் மனம் அவர் பக்கம் போய்விட்டது. இந்த விளையாட்டும் வெளிவரவில்லை.

ஆடி அமாவாசையன்று உங்கள் ஊர் புஷ்ய மண்டபப் படித்துறையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறவர்கள் மனதில் என்ன இருக்கிறதோ, அதுவேதான் அங்கும் இருந்தது. போனவள் நல்ல இடம் போய்ச் சேர வேண்டும். அதை அவர் தனக்குத் தெரிந்த வழியில் செய்யப் பார்த்தார். எனக்கு வருத்தம் வேறு. தஞ்சை சரசுவதி மகாலில் முற்றுப்பெறாத சுவடிக்கும் எண் கொடுத்து, பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். பாதியில் நின்ற விளையாட்டுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. யாரோ ஒருவருடைய கணினியில் கிடந்து அழிகிறது. இது சரியே இல்லை.

மாணவர், மன்னார்குடி: நாகஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை நாயகனாக்கி ஒரு மொபைல் விளையாட்டு செய்கிறேன். அவர் எதிரிகளைத் தாண்டித் தாண்டி ஓடுவது போல. யோசனை சொல்லுங்கள்.

தம்பி, அவர் ஓட வேண்டாம். வாசிக்கட்டும். அவருடைய தோடி ராகத்தைக் கேட்க ஊர் ஊராக நடந்து வந்து இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். மொபைலில் மைக் இருக்கிறதல்லவா? விளையாடுகிறவர் அதில் ஊதட்டும். மூச்சு நீண்டால் சுரம் நிற்கட்டும், நடுங்கினால் பிசிறு தட்டட்டும். ஆச்சா மரத்தில் குழல் கடைவது முதல் கட்டம். அதற்கு நரசிங்கம்பேட்டைக்குப் போய், பட்டறையில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். குழலின் நுனியில் செருகி வாயில் வைத்து ஊதும் சீவாளி இரண்டாம் கட்டம். திருவாவடுதுறையில் நாணலை நறுக்கி, பதப்படுத்தி, கட்டுகிற வேலையைக் கண்ணால் பார்த்தால் உங்கள் விளையாட்டே மாறிவிடும்.

படத்துக்கும் பெயருக்கும் அவருடைய குடும்பத்தாரிடமும், பழைய பதிவுகளைச் சேர்ப்பதானால் அவற்றுக்கு உரியவர்களிடமும் முதலில் எழுதிக் கேளுங்கள். தெரிந்த வித்வான் ஒருவரைப் புதிதாக வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்வது இன்னும் எளிது.

ஒரே ஒரு ராகம், பத்து நிமிடம் போதும். ஒவ்வொரு வாரமும் செய்தது வரையில் இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, தேதி எழுதி வையுங்கள். பாதி முடிந்ததும் கும்பகோணம் வாருங்கள். ஊதிப் பார்க்க எனக்கு அந்தத் தவில்காரர் மகனைத் தெரியும். இப்போது அவருக்கும் ஒரு பையன் இருக்கிறான்.